முதல் பூஜ்யம் யாருக்கு?

கேள்வி: எங்கள் அலுவலகத்திலிருந்து காரைக்காலுக்குப் பேச இரண்டு பூஜ்யம் அடிக்கிறோம். இரண்டு பூஜ்யம் என்றால் ஐஎஸ்டி அல்லவா? ஃப்ளாஷ் பட்டன் என்னதான் செய்கிறது?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த இரண்டு பூஜ்யமும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. முதலாவதை அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியே எடுத்துக்கொள்கிறது. 2 என்று தொடங்கினால் பக்கத்து மேஜை எக்ஸ்டென்ஷன், 0 என்றால் வெளி லைன் என்று அதற்குள் எழுதி வைத்திருப்பார்கள். 0 அடித்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள், டயல் டோன் மாறும். இரண்டாவது பூஜ்யம்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற எஸ்டிடி பூஜ்யம். அப்புறம் 4368, ஆறு இலக்க எண். ஐஎஸ்டிக்கு எக்ஸ்சேஞ்ச் இரண்டு பூஜ்யம் கேட்கும், பெட்டிக்கு ஒன்று, ஆக மூன்று. பிரான்சில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட 0, 00, 33 அடித்து, அவர் எண்ணின் முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். அவரும் பாரீஸ் அலுவலகத்திலிருந்து அடுத்த தெருவுக்குப் பேசப் பெரும்பாலும் இரண்டு பூஜ்யம் அடிப்பவர்தான். 1996 முதல் அங்கே வழக்கமான எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும் பத்து இலக்கம்.

ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் எஸ்டிடி எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். புதுச்சேரிக்கு 0413, காரைக்காலுக்கு 04368, மாகேவுக்குத் தலச்சேரியின் 0490, ஏனாமுக்குக் காக்கிநாடாவின் 0884. பிரெஞ்சுக்காரர் போட்ட எல்லைக்கோட்டைத் தொலைபேசித் துறை சட்டை செய்யவில்லை, பக்கத்தில் எந்த ஊர் என்றுதான் பார்த்தது. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லுக்கு 0413 கிடைத்ததும் அப்படித்தான்.

ஃப்ளாஷ் செய்வது ஒரே வேலை: லைனைக் கண நேரம் அறுத்து ஒட்டுகிறது. பழைய சுழற்றும் டயலும் லைனை அறுத்துத்தான் எண்ணைச் சொன்னது. 1-க்கு ஒரு வெட்டு, 0-க்குப் பத்து. ஃப்ளாஷ் வெட்டு அதைவிட நீளம், ரிசீவரை வைப்பதைவிடக் குறுகல். பெட்டி இந்த நேரத்தை அளந்து, 'இவர் அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டு வேறு எண் அடிக்கப்போகிறார்' என்று புரிந்துகொள்ளும். அக்கவுண்ட்ஸ் எக்ஸ்டென்ஷனை அடித்து ரிசீவரை வைத்தால் அழைப்பு அங்கே போய்விடும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த போன் கருவியில் டிரான்ஸ்பர் ஆகாமல் கட்டானால் பெட்டியைத் திட்டாதீர்கள். அந்தப் போனின் ஃப்ளாஷ் நேரம் 100 மில்லி விநாடியா, 600-ஆ என்று பாருங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும்.

அமெரிக்காவில் பூஜ்யம் ஆபரேட்டருக்குப் போய்விட்டதால் வெளி லைனுக்கு 9. அதனால் ஒரு கொடுமை நடந்தது. 2013-இல் டெக்சாஸ் ஓட்டல் அறையில் தாய் தாக்கப்படும்போது ஒன்பது வயதுச் சிறுமி அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ மறுபடி மறுபடி அடித்தாள். முன்னால் இன்னொரு 9 வேண்டுமென்று அவளுக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்தார். இத்தகைய பெட்டிகளிலிருந்து 911 நேரடியாகப் போக வேண்டும் என்று 2018-இல் சட்டமே வந்தது. அந்தத் தாயின் பெயரால் அதைக் 'காரி சட்டம்' என்கிறார்கள். உங்கள் பெட்டியில் நம் அவசர எண்ணான 112 நேரே போகுமா, முன்னால் 0 வேண்டுமா என்று அதைப் பராமரிப்பவரிடம் நாளைக்கே கேட்டுவிடுங்கள்.