காரை கேட்டிலேயே நிறுத்துங்கள்

கேள்வி: மாணவர்களையும் ஆசிரியர்களையும் கல்லூரிக்கு நடந்து வரச் சொல்கிறோம். யாரும் கேட்பதாக இல்லையே?
- கல்லூரிப் பேராசிரியர், மதுரை

பதில்: எங்கே நடப்பார்கள்? பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி, நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். பெரும்பாலான இடங்களில் அங்கே டிரான்ஸ்பார்மரும் பைக்குகளும்தான் நிற்கின்றன. மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். கூடவே மர நிழலும் கேளுங்கள்.

வியர்த்து வருபவர் முகம் கழுவ இடமும், கனத்த புத்தகங்களை வைத்துவிட்டுப் போக லாக்கரும் கல்லூரியே தரலாம். போக கால் மணி, வர கால் மணி: வாரம் 5 நாளில் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச உடற்பயிற்சி அளவு அதுதான்!

அதற்கு முன், கல்லூரி முதல்வரின் கார் போர்ட்டிகோ வரை வருவதை நிறுத்தச் சொல்லுங்கள். சுற்றறிக்கையெல்லாம் பிறகு.