ஆராய்ச்சிச் செல்வம் அனைவர்க்கும்

விஞ்ஞானி ஆராய்ந்து கட்டுரை எழுதுகிறார். சக விஞ்ஞானிகள் ஊதியமின்றிச் சரிபார்க்கின்றனர். ஆயினும், அதைப் படிக்க நூல் நிலையங்கள் பெருஞ்சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. ஏழை நாட்டு ஆராய்ச்சியாளர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, சந்தாவை அரசாங்கமே கட்டுவது. நம் மத்திய அரசாங்கம் 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 சஞ்சிகைகளை அரசாங்கக் கல்வி நிலையங்களுக்குத் திறந்துவிட்டது. தனியார் கல்லூரிகள் முதற் கட்டத்தில் சேரவில்லை.

மற்றொன்று, எழுதியவரே பகிர்வது. 1991இல் அமெரிக்காவில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் களஞ்சியத்தில், பௌதிகர்கள் கட்டுரைகளைத் தாமே இட்டு வைக்கின்றனர். இடுவதற்கும் கட்டணமில்லை, படிப்பதற்கும் கட்டணமில்லை.

தோழர்களே! சந்தாக் காலம் முடிந்தால் முதல் வழி அடைபடலாம், இரண்டாவது அடைபடாது. சஞ்சிகையின் விதிகளைப் பார்த்துக்கொண்டு, உங்கள் கட்டுரைப் பிரதியொன்றைக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். நேப்பாளத்து மாணவனும் படிப்பான்.