கண்டதை மட்டும் வரைவோம்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை வெளியூரிலிருந்து வரும் அம்புலன்ஸ் சாரதிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? செய்மதிப் படத்தில் கூரைகளும் பனைமரங்களும் தெரியும். எந்த ஒழுங்கை மதிலில் முட்டி நின்றுவிடுகிறது, எதனூடாக வாகனம் போகலாம், ஊரார் அதை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பவை அதில் தெரியாது. அந்த ஒழுங்கையால் நாளாந்தம் நடந்துபோகிறவர்களுக்கே அவை தெரியும். அவர்களின் அறிவைச் சேர்த்து வரையப்படும் உலக வரைபடம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். புவியியல் கற்பிப்பவள் என்ற முறையில் அதற்குத் தரவு சேர்க்கும் ஒழுங்குகளை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் இங்கு விளக்க விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதனைத் தொடங்கினார். எவரும் கணக்கு ஒன்றைத் திறந்து தெரு, கிணறு, பாடசாலை, வாசிகசாலை முதலியவற்றை இதில் சேர்க்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2010 ஜனவரியில் ஹெயிட்டியில் பூமியதிர்ச்சி நிகழ்ந்தபோது, பல நாட்டுத் தொண்டர்கள் சில நாட்களுக்குள் தலைநகரின் வீதிகளை இதில் வரைந்தனர். மீட்புப் பணியாளர்கள் அதனைப் பயன்படுத்தினர். நமது நாட்டிலும் மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பகுதியின் ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் அனர்த்தத் தயார்நிலைக்காக இதில் பதியப்பட்டன.

எவரும் எழுதலாம் என்றால் அதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தக் கேள்வி பழையது. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் உலக வரைபடம் அமைத்த அறிஞர் அல் இத்ரீஸியின் முன்னும் இதே கேள்வி இருந்தது. பயணிகளை அழைத்துத் தனித்தனியாகவும் ஒன்றாகவும் விசாரித்தார்கள். கூற்றுகள் ஒத்துப்போனதை ஏற்று, முரண்பட்டதை விலக்கினார்கள். இப்படிப் பல ஆண்டுகள் உழைத்து 1154இல் அப்பணி நிறைவுற்றது. வரைபடத்தில் இடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாட்சியம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். கீழே வரும் ஒழுங்குகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, நேரில் உள்ளதை எழுதுதல். இன்னொருவர் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால் உங்கள் பதிவு சரியெனக் காணவேண்டும். “சந்தியில் மருந்துக்கடை உண்டு” என்பதைச் சரிபார்க்கலாம். “இது நல்ல கடை” என்பது உங்கள் அபிப்பிராயம். வரைபடத்தில் அதற்கு இடமில்லை. நாளை கட்டப்படும் என்று சொல்லப்படும் கட்டடத்துக்கும் இல்லை.

இரண்டாவது, பிறர் வரைபடத்தைப் பார்த்து எழுதாமை. கூகுள் மேப்பிலிருந்தோ விற்பனைக்குள்ள வரைபடத்திலிருந்தோ பெயர்களை எடுத்துச் சேர்க்கக்கூடாது. அவை பிறரின் உரிமைக்குட்பட்டவை. அனுமதி பெற்ற செய்மதிப் படங்கள் வரையும் கருவியிலேயே தரப்பட்டுள்ளன. மற்றதற்கு நம் கண்ணும் காலும் குறிப்புப் புத்தகமும் போதும்.

மூன்றாவது, பெயரில் நேர்மை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உள்ளன. பெயர்ப்பலகையில் உள்ளதையும் ஊரார் வழங்குவதையும் எழுதுங்கள். நீங்களாக மொழிபெயர்த்துப் புதுப்பெயர் சூட்டாதீர்கள். சோனகத் தெருவுக்கு அங்கு வாழ்பவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதற்கே மதிப்பு.

நான்காவது, பிறர் உழைப்பை மதித்தல். ஒருவரின் பதிவு பிழையெனத் தோன்றினால் உடனே அழித்துவிடாமல் அவருக்கு எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துடனும் என்ன செய்தீர்கள், எதை ஆதாரமாகக் கொண்டீர்கள் என்று ஒரு வரியாவது குறிப்பிடுங்கள்.

ஐந்தாவது, அந்தரங்கம் பேணுதல். வீட்டைக் கட்டடமாக வரையலாம். அதில் யார் வசிக்கிறார், அவரின் தொலைபேசி இலக்கம் என்ன என்பவற்றை எழுதக்கூடாது. கைத்தொலைபேசியில் பதியும் நடைபாதைத் தடத்தையும் அப்படியே பகிரவேண்டாம். அது உங்கள் வீட்டு வாசலில் தொடங்குவதால் முகவரியைக் காட்டிக்கொடுத்துவிடும். பெற்றோர் இந்த ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். பிள்ளைகள் குழுவாக, பெரியவர் ஒருவரின் துணையோடு நடப்பதே சிறந்தது.

இனி நமக்கே உரிய கடினமான ஒரு விடயம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபின், யாழ்ப்பாணத்து முஸ்லிம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகள் இடிந்து மறைந்தன. புத்தளத்தில் வாழும் பெரியவர்கள் இன்றும் அவ்வீடுகளை வரிசையாகச் சொல்வார்கள். அவற்றை வரைபடத்தில் சேர்க்கலாமா என்று மாணவிகள் என்னிடம் கேட்பதுண்டு. முதலாவது ஒழுங்கின்படி முடியாது. இன்று நிலத்தில் இல்லாத வீட்டைத் தேடி வருபவர் வெறும் வளவையே காண்பார். இந்தப் பதில் மனதுக்குக் கனமானதுதான். ஆனால் இல்லாததை ஒருவர் சேர்க்கலாம் என்றால், இருப்பதை இன்னொருவர் நீக்கவும் வழி திறக்கும். நிலத்தில் உள்ளதே இறுதிச் சான்று என்ற ஒழுங்கு, இன்று இங்கே நிற்கும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திரும்பிவந்து கட்டிய வீட்டையும் சேர்த்தே காக்கிறது.

அதனால் பெரியவர்களின் நினைவு வீணாகிவிடாது. அவர்கள் சொல்லும் தெருப்பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறதா என்று போய் விசாரியுங்கள். இருந்தால் பதியலாம். வழக்கொழிந்திருந்தால் பழைய பெயருக்கென்றே ஒரு புலம் உண்டு. மறைந்த வீடுகளின் கதையைக் கட்டுரையாக எழுதி இதுபோன்ற சஞ்சிகைகளில் சேர்த்துவையுங்கள். கடந்தகாலத்தை ஆண்டுகளோடு வரைவதற்கென ஓப்பன் ஹிஸ்டாரிக்கல் மேப் என்ற தனி வரைபடமும் இயங்குகிறது.

இந்த விடுமுறையில் ஒரே ஒரு தெருவைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு தாளில் அதன் கோட்டை வரைந்து, கண்ட கடைகளையும் குழாய்க்கிணற்றையும் திருப்பங்களையும் குறியுங்கள். சந்தேகமானதற்குக் கேள்விக்குறி இட்டு, மறுநாள் தோழி ஒருத்தியைத் தனியாகப் பார்த்துவரச் சொல்லுங்கள். இருவர் தாளும் ஒத்துப்போனவற்றை மட்டும் வரைபடத்தில் ஏற்றுங்கள்.