மூன்று மணி வெளிச்சம்

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினால், எனக்கு இருட்டுக்காலம் தொடங்கிவிடும். பாரிஸில் லாச்சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தின் நிலக்கீழ்க் குசினியில் வேலை. விடியமுன் வீட்டிலிருந்து வெளிக்கிடுவேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு இடைவேளை கிடைத்தால், உடுப்பு மாற்றும் அறையிலேயே சரிந்து நித்திரை கொள்வேன். எழும்பும்போது வெளியே இரவு.

டிசம்பரில் பாரிஸின் பகல் எட்டேகால் மணித்தியாலம்தான். யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பதினொன்றரை மணித்தியாலம் பகல் இருக்கும். வெயிலுக்கு ஒதுங்கி வளர்ந்த எனக்கு, அதைத் தேடிப் போகவேண்டும் என்று தோன்றவேயில்லை.

மூன்று குளிர்காலம் இப்படிப் போனது. எவ்வளவு படுத்தாலும் நித்திரை தீராது. வாய் இனிப்பையே கேட்கும். அம்மா ஊரிலிருந்து எடுத்தால் போனைத் தூக்க மனம் வராது. சோம்பேறி என்று என்னையே ஏசினேன். விசர் என்பார்களோ என்று பயந்து ஒருவரிடமும் கதைக்கவில்லை. கடைசியில் வைத்தியர்தான் சொன்னார், இது பருவகால மனச்சோர்வு என்று. 1984இல் நோர்மன் ரோசன்தாலும் கூட்டாளிகளும் விவரித்த நோய்நிலை இது. காலை வெளிச்சம் கிடைக்காவிட்டால் உடம்பின் உள்மணிக்கூடு பிந்திப்போகும் என்றும் விளக்கினார்.

எனக்கு உதவியவை இவை:

வெளிச்சத்துக்கு நேரம் குறியுங்கள். இப்போது மூன்று மணிக்கு ஸ்ராலின்கிராட் தாண்டி வில்லெத் தடாகக் கரைக்கு நடக்கிறேன். மப்பு நாளிலும் வெளி வெளிச்சம் குசினி விளக்கைவிடப் பல மடங்கு. லீவு நாளில் காலையிலேயே இறங்கிவிடுவேன்.

ஒளி விளக்கு வாங்கலாம். 10,000 லக்ஸ் உள்ளது, காலையில் அரை மணித்தியாலம். கண்நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

கார்த்திகையில் தனித்திருக்காதீர்கள். நவம்பர் 27 மாவீரர் நாள். இழந்தவர்களின் நினைவும் இருட்டும் எங்களுக்கு ஒன்றாகவே வருகின்றன. அந்தக் கிழமை ஒரு வீட்டிலாவது போயிருந்து தேத்தண்ணி குடியுங்கள். இங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கு ஆவணியில் தேர் பார்க்கப் போகிறோம். ஆனால் கோயிலும் சனமும் கூடுதலாகத் தேவைப்படுவது குளிரில்தான்.

இரண்டு கிழமைக்கு மேல் மனம் கனத்தால் வைத்தியரிடம் போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் பிரான்ஸின் தற்கொலைத் தடுப்பு இலக்கமான 3114க்கு எடுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம். பிரெஞ்சு தயக்கமென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன மார்கழியில், எங்கள் குசினிக்குப் புதிதாக வந்த பெடியன் நான் படுத்த அதே அறையில் சுருண்டு கிடந்தான். தட்டி எழுப்பினேன்.

“எழும்பு தம்பி. வெளிச்சம் போகமுன் ஒருக்கா நடந்திட்டு வருவம்.”