அடுப்புச் சாம்பலும் ஓவன் கறையும்

நாஞ்சில் நாட்டு அடுக்களைகளில் உருளியைத் துலக்கக் கதம்பை நாரும் அடுப்புச் சாம்பலும் போதுமானவையாக இருந்தன. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் ஒரு காரம். எண்ணெய்ப் பிசுக்கின் ஒரு பகுதியை அது சோப்பாக மாற்றிவிடுகிறது. புளியின் வேலை வேறு. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் வெண்கலத்தின் களிம்பைக் கரைக்கும்.

இன்றைய மின் ஓவனுக்குள் கருகி ஒட்டுவதும் பெரும்பாலும் எண்ணெய்தான். ஆகவே, அங்கே வேண்டுவது காரமே. கடைத் திரவங்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா உண்டு. அது கையையும் கண்ணையும் புண்ணாக்கும். சமையல் சோடாவோ மென்காரம். மின் இணைப்பை அகற்றி, ஆறிய உட்சுவரில் அதனை நீரில் குழைத்துப் பூசி, ஓர் இரவு விட்டு ஈரத்துணியால் துடைக்கலாம். பொறுமைதான் சற்று வேண்டும்! வெப்பக் கம்பியில் படலாகாது. எலுமிச்சைச் சாற்றை உடன் கலப்பாரும் உளர்; நுரை பொங்குவதைக் கண்டு மகிழலாம், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும். அலுமினியத் தட்டுக்குச் சோடாவும் சாம்பலும் ஆகா; கறுத்துவிடும்.