பாரிசவாதத்தின் பின் வீட்டு வாழ்க்கை

இடம்பெயர்ந்து வந்து, ஒரு துண்டுக் காணியில் மறுபடியும் வெங்காயம் நட்டு நிமிரும் வேளையில் கணவனுக்குப் பாரிசவாதம் வந்தால், விழுவது அவர் ஒருவர் மட்டுமல்ல. ஆஸ்பத்திரியில் தாதிமார் பார்த்த வேலை முழுவதும் ஒரே நாளில் மனைவியின் கைக்கு வருகிறது. இச்சுமையை இருவரும் சேர்ந்து சுமப்பது எப்படி என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

நோயை விளங்கிக்கொள்வோம்

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் இந்நோய் வருகிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக் கையும் காலும் வலுவிழக்கும். பலருக்குப் பேச்சும் தடைப்படும். பேச்சு வராதவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று எண்ணக்கூடாது. காரணமின்றி அழுவதும் கோபிப்பதும் நோயின் விளைவாக இருக்கலாம். இதை அறிந்தால், "என்னில் ஏன் எரிந்து விழுகிறார்?" என்ற மனநோவு குறையும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சட்டை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்கவும். கழற்றும்போது கடைசியாக எடுக்கவும். அக்கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவேண்டாம், தோள்மூட்டு பழுதாகும்.

2. நிமிர்ந்து இருத்தியே உணவு கொடுக்கவும். புரைக்கேறினால் வைத்தியருக்குத் தெரிவிக்கவும்.

3. எழும்ப முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவும். படுக்கைப்புண் வராது காக்கலாம்.

4. கொட்டிலிலிருந்து மலசலகூடம்வரை கம்பு நட்டுக் கைபிடி கட்டவும்.

5. சுகமாகிவிட்டது என்று பிறஷர்க் குளிசையை நிறுத்தவேண்டாம்.

கணவனும் மனைவியும்

அன்பினால் எல்லாவற்றையும் மனைவியே செய்துவிட்டால், கணவன் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுவார். முதல் மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். பின்னரும் பயிற்சியால் தொடரும். ஆகவே ஒரு கையால் விதைவெங்காயம் தெரிவதை அவரிடம் விடுவோம். எந்தப் பாத்திக்கு முதலில் தண்ணீர் என்று அவரையே கேட்போம், தலையசைப்பும் பதில்தான். கணவனும், மனைவி களைத்திருப்பதைக் கண்டு, "நீ கொஞ்சம் படு" என்று சைகையாலாவது சொல்லவேண்டும். வாரத்தில் ஒரு பொழுது அயலவர் வந்திருந்தால், அவர் சங்கக் கூட்டத்துக்கோ கோயிலுக்கோ போய்வரலாம்.

மறக்கவேண்டாம்

முகம் கோணினால், கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸை அழைக்கவும். வாயால் எதுவும் கொடுக்கவேண்டாம். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும்.

கலந்துரையாடுவோம்

1. எமது குடியிருப்பில் இவ்வாறான குடும்பங்கள் எத்தனை?

2. அவர்களின் தோட்டத்துக்கு யார், எந்த நாளில் தண்ணீர் மாறிவிடலாம்?