இணைய நகைக்கடையைச் சோதிப்பது எப்படி?

ஐதராபாத்துக்கு வந்த புதிதில் நம்மில் ஒவ்வொருவரும் சார்மினாரைப் பார்க்கச் சென்றிருப்போம். அதன் மேற்கே பிரியும் லாட் பஜாரில் அரக்கு வளையல் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. ஏதேனும் ஒரு கடையின் முன் கால் மணி நேரம் நின்று பாருங்கள். கடைக்காரர் வந்தவரின் கையை ஒரு முறை நோக்குகிறார், அளவு கேட்பதில்லை. ஒரு வளையலை எடுத்து மாட்டிப் பார்க்கிறார். விரல் முட்டியில் சிக்கினால் அடுத்த அளவை எடுக்கிறார். விலையைக் கேட்டு முகம் சுருங்கினால் வேறொரு தட்டு முன்னே வருகிறது. கடையைப் பற்றி யாரும் வாய் திறந்து கருத்துச் சொல்வதில்லை. ஆயினும் நொடிதோறும் அவருக்குக் கருத்துக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

இணையக் கடைக்கு இந்தக் கண் இல்லை. வந்தவர் குழம்பினாலும் சலித்தாலும் கைப்பேசியை மூடி வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். ஏன் போனார் என்பதைக் கடைக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே அந்தக் கண்ணை நாமே முயன்று உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதை எவ்வாறு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருமணமாகிச் செகந்தராபாத்தில் வாழும் என் அக்கா, சென்ற ஆண்டு அரக்கு வளையல்களும் முலாம் பூசிய காதணிகளும் விற்க ஓர் இணையக் கடை தொடங்கினாள். தையல் வகுப்பு நடத்திச் சேர்த்த பணம் முழுவதும் அதில் போயிற்று. கடையின் பக்கங்களை வடிவமைத்தவர் வேலையை முடித்துக் கொடுத்ததும், உறவினர் அனைவருக்கும் அதை அனுப்பி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள். “அருமை” என்றார் சித்தி. “தங்கம் போல் மின்னுகிறது” என்றார் அத்தானின் தங்கை. நானும் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினேன். மூன்று மாதத்தில் 19 சோடி வளையல்கள் விற்றன. அவற்றுள் 7 சோடி அளவு சேரவில்லை என்று திரும்பி வந்தன. போக்கும் வரத்துமாக அஞ்சல் செலவு அவள் தலையில் விழுந்தது. “நீயாவது உண்மையைச் சொல்லடி” என்று அவள் தொலைபேசியில் கேட்ட பிறகுதான், நாங்கள் சொன்ன சொற்கள் எவ்வளவு பயனற்றவை என்பது எனக்கு உறைத்தது.

“எப்படி இருக்கிறது?” என்ற வினாவுக்கு நம் வீடுகளில் ஒரே விடைதான் உண்டு. புதுமனை புகுவிழாவுக்குச் சென்றவர் சமையலறை இருட்டாக இருக்கிறது என்று சொல்வாரா? மரியாதை காரணமாக எழும் புகழ்ச்சியைப் பொய் என்று பழிக்க முடியாது. ஆனால் அதை அளவீடாகக் கொள்ளவும் முடியாது. “நீ இதை வாங்குவாயா?” என்று கேட்பதும் இது போன்றதே. பணம் கொடுக்காத வரையில் எல்லோரும் வாங்குவோர்தாம்.

வினவுவதை விடுத்து, ஒரு வேலையைக் கொடுத்து அதைச் செய்யும்போது பார்த்துக்கொண்டிருப்பதே சரியான வழி. விடுதியில் ஐந்து தோழியரை ஒருவர் பின் ஒருவராக அழைத்தேன். ஒவ்வொருவரிடமும் நான் சொன்னது இது: “உன் தங்கைக்குத் திருமணம். அவளுக்குச் சிவப்பு வளையல் ஒரு சோடி வாங்க வேண்டும். விலை 1,500 ரூபாய்க்குள் இருக்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்தாக வேண்டும்.” இந்த நான்கு வரியில் நிறம், அளவு, விலை, வந்து சேரும் நாள் ஆகிய அனைத்தும் சோதனைக்கு உள்ளாகின்றன. கடைப் பக்கத்தில் உள்ள சொற்களை நம் வாயால் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனம் தேவை. பொத்தானில் ‘கூடையில் சேர்’ என்று எழுதியிருக்க, நாமும் ‘கூடையில் சேர்த்துவிடு’ என்று சொன்னால், அவர்கள் பொத்தானைப் புரிந்துகொண்டார்களா, நம் சொல்லைத் தேடிப் பிடித்தார்களா என்பது தெரியாமற் போகும்.

செய்துகொண்டே மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன். எரிக்சன், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் 1980 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. மனத்தில் ஓடுவதை அப்படியே சொல்வது சிந்தனையின் போக்கை அவ்வளவாக மாற்றுவதில்லை. ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று காரணம் கேட்டால் மாற்றிவிடும் என்பது அவர்கள் முடிவு. எனவே இடையில் ‘ஏன்’ என்று கேட்கலாகாது. இதைப் படித்திருந்தும் முதல் சோதனையை நானே கெடுத்தேன். தெலுங்குத் தோழி அளவுப் பட்டியலைக் காணாமல் தவித்தபோது, “கீழே இருக்கிறது பார்” என்று சொல்லிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் தராசின் தட்டை விரலால் அழுத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அடுத்த நால்வருக்கும் வாயை மூடிக்கொண்டு, குறிப்பேட்டில் செய்தது ஒரு பக்கமும் சொன்னது ஒரு பக்கமுமாக எழுதினேன்.

கண்டவை என்ன? கடையின் முகப்பில் ‘வசந்தம்’, ‘மயூரி’, ‘ராகம்’ என்று மூன்று தலைப்புகள். எதில் வளையல், எதில் காதணி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விலை பொன்னிற எழுத்தில், வெள்ளைப் பின்னணியில் இருந்தது. வெயிலில் நின்று பார்த்த ஒடியாத் தோழிக்கு அது தெரியவே இல்லை. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் 4.5க்குக் குறையக் கூடாது என்பது வலைத்தளங்களுக்கான உலக வழிகாட்டு நெறி. வெள்ளை மீது பொன்னிறத்துக்குக் கணக்கிட்டால் வருவது ஏறத்தாழ 1.4 மட்டுமே! அஞ்சல் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. அதைக் கண்டதும் இருவர் அங்கேயே நின்றுவிட்டனர்.

ஆனால் திரும்பி வந்த 7 சோடிகளின் மர்மம் வேறிடத்தில் இருந்தது. வளையல் அளவுகளை 2.4, 2.6, 2.8, 2.10 என்று எழுதுவது நம் நாட்டு வழக்கம். பார்ப்பதற்குத் தசம எண் போல் இருக்கும். உண்மையில் அது தசமம் அன்று. 2.4 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் ஓர் அங்குலத்தில் பதினாறில் 4 பங்கும், அதாவது 57.15 மில்லிமீட்டர். 2.6 என்பது ஏறத்தாழ 60.3, 2.8 என்பது 63.5; 2.10 என்பது 66.7 மில்லிமீட்டர். ஓர் அளவிலிருந்து அடுத்ததற்கு உள்சுற்றளவு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கூடுகிறது. இவற்றுள் 2.10 பெரியது. ஆனால் கணினிக்கு இது எப்படித் தெரியும்? அது தசமமாகவே படித்து, 2.10 இன் கடைசிச் சுழியத்தை நீக்கி 2.1 ஆக்கி, பட்டியலின் தலையில், எல்லாவற்றிலும் சிறிய அளவின் இடத்தில் அதை வைத்திருந்தது. மெல்லிய கை உடைய மலையாளத் தோழி சற்றும் தயங்காமல் 2.1 ஐத் தொட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்த வளையல் வந்திருந்தால் அவள் கையிலிருந்து தானே நழுவி விழுந்திருக்கும்.

அக்காவுக்கு அளவுகள் மனப்பாடம். ஆகையால் அந்தப் பட்டியலை நூறு முறை பார்த்தும் பிழை அவள் கண்ணில் படவில்லை. சித்திக்கும் எனக்கும் வாங்கும் தேவையே இல்லாததால் அந்த இடம் வரை நாங்கள் போகவில்லை.

ஐந்து பேர் போதுமா என்று நம் புள்ளியியல் நண்பர்கள் கேட்பார்கள். நீல்சன், லாண்டவர் என்னும் இருவர் 1993 இல் இதற்கு ஒரு கணக்குத் தந்தனர். ஒரு குறை ஒருவர் கண்ணில் படும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்று கொண்டால், ஐவரிடமும் தப்பிவிடும் வாய்ப்பு 0.69 இன் ஐந்தாம் அடுக்கு. அது ஏறத்தாழ 0.16. எனவே 84 விழுக்காட்டுக் குறைகள் ஐவரிலேயே வெளிப்பட்டுவிடும். கணக்கு அழகானதுதான். எனினும் அந்த 31 அவர்கள் ஆராய்ந்தவற்றின் சராசரி என்பதை மறக்கக் கூடாது. பத்தில் ஒருவருக்கே தட்டுப்படும் குறையாயின், ஐவரைக் கொண்டு சோதித்தால் அது வெளிப்படும் வாய்ப்பு 41 விழுக்காடே. ஆதலால் பதினைந்து பேரை ஒரே மூச்சில் அழைப்பதைவிட, ஐவரைக் கொண்டு சோதித்து, திருத்தி, மீண்டும் வேறு ஐவரை அழைப்பது நலம். அவர்களும் நம் விடுதியினராகவே இருப்பது குறைபாடே. இருபத்து மூன்று வயதுக் கண்ணும் அறுபது வயதுக் கண்ணும் ஒன்றல்ல.

தங்கம் விற்கும் கடையாயின் பார்க்க வேண்டியவை சற்றே வேறு. அங்கே அழகுக்கு முன் நம்பிக்கை வர வேண்டும். எடை, செய்கூலி, சேதாரம் ஆகியவை தனித்தனியே தெரிகின்றனவா? ஹால்மார்க் முத்திரையைப் பற்றிய செய்தியை வாங்குபவர் எங்கே தேடுகிறார்? 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளுக்கு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி கட்டாயமாக்கப்பட்டது; அதைத் தேடி விரல் அலைகிற இடத்தைக் குறித்துக்கொண்டால் அதுவே அச்செய்தியை வைக்க வேண்டிய இடம்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அளவுச் செய்தியைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பெயர்களைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. ‘மயூரி’ என்ற பெயரைத் தேர்ந்தெடுக்க அவளும் அத்தானும் பல இரவுகள் பேசியிருக்கிறார்கள். “அவர்களுக்கு ரசனை இல்லை” என்றாள். நான் வாதாடவில்லை, குறிப்பேட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். எதிரே இருப்பவர் சொன்னால் மறுக்கத் தோன்றும்; ‘மூன்று முறை மயூரியைத் தொட்டாள், காதணி வந்தது, திரும்பினாள்’ என்ற வரியோடு யார் வாதாடுவது? தேநீர் ஆறும் வரை அதைப் படித்துக்கொண்டிருந்தாள். இப்பொழுது முகப்பில் ‘வளையல்’, ‘காதணி’ என்று இருக்கின்றன. மயூரி உள்ளே ஒரு வளையலின் பெயராக வாழ்கிறாள்.

அளவுகளை மில்லிமீட்டரிலும் எழுதி, பெரிய எழுத்தில், சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தினோம். வீட்டில் இருக்கும் பழைய வளையலின் உள்விட்டத்தை அளக்கும் முறையைப் படத்துடன் அருகிலேயே சேர்த்தோம். இரண்டாம் சோதனைக்கு அக்காவின் மாமியாரையும் அண்டை வீட்டு அம்மையார் இருவரையும் அழைத்திருந்தோம். அக்காவும் உடன் இருந்தாள். பேசக் கூடாது என்பது உடன்பாடு. மாமியார் படத்தைப் பெரிதாக்க முடியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தபோது, அவள் தன் இரு கைகளையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். பின்பு மாமியார் திரையை எங்கள் பக்கம் திருப்பி, “இது குங்குமச் சிவப்பா, மாதுளைச் சிவப்பா?” என்று கேட்டார். என் கைப்பேசியில் ஒரு சிவப்பு, அவர் கைப்பேசியில் வேறொரு சிவப்பு. அதற்கான படங்களைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மீது வைத்து, மறுபடியும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.